பின்வரிசையில் நிற்கும் மனிதர்: ஜோன் டீக்கனும் பேஸ் கிட்டாரும், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்புக் கல்லடியில் ஞாயிறு மாலைகளில் நான்கைந்து பிள்ளைகளுக்குப் பேஸ் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறேன். மற்ற நாட்களில் தேவாலயப் பாடகர் குழுவிலும், ஆள் குறைந்தால் கோயில் திருவிழா மேடைகளிலும் வாசிப்பேன். அறைச் சுவரில் பிரிட்டிஷ் ரொக் குழுவான குயினில் பேஸ் வாசித்த ஜோன் டீக்கன் படம் ஒன்று தொங்குகிறது. அதைப் பார்க்கிற எல்லோரும் ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள்: பிள்ளைகள், அவர்களின் தாய் தகப்பன், ஒலிபெருக்கி கட்ட வரும் தம்பிகள், என் மைத்துனர். ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லி முடிப்பதற்குள் பிளேன்டீ ஆறிவிடுகிறது. அதனால் எழுதி வைக்கிறேன்.

"சேர், நாலு கம்பிதானே இருக்கிறது. கிட்டார் பழகக் கஷ்டப்படுகிறவர்களுக்காகவா இதைச் செய்தார்கள்?"

இல்லை தம்பி. சாதாரண கிட்டாரின் தடித்த நான்கு கம்பிகளில் உள்ள அதே சுரங்கள்தான் இதிலும். ஆனால் ஒரு ஸ்தாயி கீழே. மிகத் தடித்த கம்பியைத் தட்டினால் செக்கனுக்கு 41 தடவை அதிரும். மற்றவை 55, 73, 98. அவ்வளவு கீழே இறங்க வேண்டுமென்றால் கம்பி தடிப்பாகவும் நீளமாகவும் இருக்க வேண்டும். அதிரும் பகுதி மட்டும் பெரும்பாலும் 34 அங்குலம். ஒரு மாதத்துக்கு விரல் நுனி எரியும், பிறகு காய்த்துவிடும்.

வேலை என்னவென்றால், மேளத்துக்கும் பாட்டுக்கும் இடையில் நிற்பது. கூத்துக் களரியில், கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்கிறார் அல்லவா? ஆடுகிறவனின் கால் எங்கே விழ வேண்டும், பாடுகிறவனின் அடி எங்கே முடிய வேண்டும் இரண்டும் அவர் கையில். பேஸ் வாசிப்பவனுக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை. பொறுப்பு மட்டும் கிடைக்கிறது.

"நான் அந்தப் பாட்டுகளை நூறு தரம் கேட்டிருக்கிறேன். நீங்கள் சொல்லும் பேஸ் எனக்குக் கேட்டதே இல்லையே?"

போனில் கேட்டிருப்பீர்கள். கைத்தொலைபேசிக்குள் இருக்கும் ஒலிபெருக்கி நகத்தளவு. செக்கனுக்கு 41 அதிர்வைக் காற்றில் தள்ள அதற்கு வலு கிடையாது. 200க்குக் கீழே வந்தாலே பெரும்பாலானவை திணறும். பேஸின் மேற்சுரங்கள் மட்டும் மெல்லியதாக வரும், மிச்சத்தை மூளை ஊகித்துக்கொள்ளும். முச்சக்கர வண்டியின் பின்இருக்கைக்குப் பின்னால் பெரிய பெட்டி பூட்டி வைத்திருப்பவர்களோ மறுகரையில் நிற்கிறார்கள். அங்கே எல்லாச் சுரமும் ஒரே ‘தும்’. ஓரளவு நல்ல ஹெட்போன் ஒன்றை இரவல் வாங்கிக் கேளுங்கள்.

அதுவும் இல்லையென்றால் நம் ஊர் வித்தை ஒன்று இருக்கிறது. பௌர்ணமி இரவில் பாலத்தருகே தோணியில் போய், துடுப்பின் ஒரு நுனியை வாவிக்குள் அமிழ்த்தி மறு நுனியைக் காதில் வைத்து மீன் பாடுவதைக் கேட்பார்கள் பெரியவர்கள். காற்றில் வராத ஒலி மரத்தின் வழியே ஏறி வரும். ஒருமுறை ஒத்திகை நடுவே மின்சாரம் நின்றது. இருட்டில் சும்மா இருக்க மனமில்லாமல், பேஸ் கிட்டாரின் கழுத்தடியில் நீண்டிருக்கும் மேற்கொம்பில் தாடையை அழுத்தி வைத்துக்கொண்டு வாசித்தேன். பக்கத்தில் இருந்தவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு மண்டையோட்டுக்குள் கோயில் மணி அடித்ததுபோல் முழுச் சுரமும் இறங்கியது. புதிதாக வரும் பிள்ளைகளை முதல் நாள் அதைத்தான் செய்யச் சொல்கிறேன். ஒரு தாய் எட்டிப் பார்த்துவிட்டு, மகன் கிட்டாரைக் கடிக்கிறான் என்று பயந்துபோனார்.

"யார் இந்த ஜோன் டீக்கன்? பெயரே கேள்விப்பட்டதில்லை."

இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்தில் 1951 ஓகஸ்ட் 19ஆம் திகதி பிறந்தவர். பாடசாலைக் காலத்தில் உள்ளூர்க் குழு ஒன்றில் ரிதம் கிட்டார் வாசித்து, பிறகு பேஸுக்கு மாறினார். லண்டன் செல்சி கல்லூரியில் மின்னணுவியல் படித்துக்கொண்டிருந்தபோது, 1971இல், குயின் குழு பேஸ் வாசிக்க ஆள் தேடியது. அதற்கு முன் பலர் வந்து போயிருந்தார்கள். இவர் வந்து நிலைத்துவிட்டார். வயது பத்தொன்பது.

குழுவின் மற்ற மூவரும் ஆளுக்கொரு புயல். பாடகர் பிரெடி மேர்க்கரி, கிட்டார் பிரையன் மே, டிரம் ரொஜர் டெய்லர். அவர்கள் நடுவே அதிகம் பேசாத, மின்சுற்றுகள் தெரிந்த இந்தப் பையன் சரியாகப் பொருந்திக்கொண்டான் என்று மற்றவர்களே பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். குழுவின் பணக் கணக்கையும் உன்னிப்பாகக் கவனித்துவந்தவர் அவர்தான் என்பார்கள். பேஸ் வாசிப்பவர்களுக்கு எண்ணும் பழக்கம் இயல்பாகவே வந்துவிடும்.

"குயின் பாடகர் நம் பக்கத்து ஆள் என்கிறார்களே?"

சான்சிபாரில் 1946இல் பிறந்தவர். பெற்றோர் இந்தியப் பார்சிகள். பாடசாலைப் படிப்பில் பல ஆண்டுகள் மகாராஷ்டிரத்தின் பஞ்ச்கனியில். 1964இல் குடும்பம் இங்கிலாந்துக்குப் போனது. அவரைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், நான் டீக்கனோடு நிற்கிறேன்.

"பேஸ் என்றால் பீட்டில்ஸ் குழுவின் போல் மக்கார்ட்னி இருக்கிறார். வேகம் வேண்டுமென்றால் வேறு எத்தனையோ பேர். ஏன் இவரையே பிடித்துக்கொண்டீர்கள்?"

மக்கார்ட்னியோடு யார் போட்டி போடுவது? பாடிக்கொண்டே பேஸில் இன்னொரு மெட்டையும் ஓட்டுகிறவர் அவர். வேகமும் முழக்கமும் வேண்டுமென்றால் த ஹூ குழுவின் ஜோன் என்ட்விசில். டீக்கனை இவர்களுக்கு மேலே வைக்கச் சொல்லி யாரிடமும் நான் சண்டைக்குப் போவதில்லை.

ஆனால் எனக்குச் சொல்லித் தந்தவர் டச்பாரில் இருந்த ஒரு பறங்கியர். கல்யாண வீடுகளில் கஃப்ரிஞ்ஞா ஆட்ட இசை வாசித்துப் பழகிய கை. அவர் ஒரு கசெட்டைப் போட்டு, "இந்தப் பாட்டில் பேஸ்காரன் எத்தனை தரம் வாசிக்காமல் இருக்கிறான் என்று எண்ணு" என்றார். வாசித்ததை எண்ணச் சொல்வார் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்த எனக்குச் சரியாக விளங்கவில்லை. மூன்றாம் தரம் கேட்டபோதுதான் விளங்கியது. அந்தக் கசெட்டில் வாசித்தவர் டீக்கன். வேறொருவர் கசெட்டைப் போட்டிருந்தால் இன்று சுவரில் வேறு படம் தொங்கியிருக்கலாம், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அவர் சும்மா நிற்க மட்டுமே தெரிந்தவர் என்றும் நினைக்க வேண்டாம். 1976இல் வந்த ‘த மில்லியனெயர் வோல்ட்ஸ்’ பாட்டின் தொடக்கத்தைக் கேளுங்கள். பியானோவும் குரலும் ஒரு பக்கம் போக, பேஸ் தன்பாட்டில் ஏறி இறங்கி வளைந்து விளையாடுகிறது. இடம் கிடைத்தால் ஓடுவார். கிடைக்காத இடத்தில் முண்டியடிக்க மாட்டார்.

"அவருடைய மிகப் பெரிய பாட்டு வெறும் மூன்று தட்டுத்தானே. அதில் அப்படி என்ன இருக்கிறது?"

‘அனதர் வன் பைட்ஸ் த டஸ்ட்’ பற்றிக் கேட்கிறீர்கள். 1980இல் ‘த கேம்’ தொகுப்பில் வந்தது. சொல்லும் இசையும் டீக்கனுடையவை. அமெரிக்கப் பட்டியலில் மூன்று வாரம் முதலிடத்தில் நின்றது. குயின் குழுவுக்கு அங்கே முதலிடம் பெற்றுத் தந்த தனிப்பாடல்கள் இரண்டே இரண்டு. அவற்றில் ஒன்று, பின்வரிசையில் நிற்கும் இந்த மனிதருடையது. தனிப்பாடலாக வெளியிடுங்கள் என்று அவர்களைத் தூண்டியவர் மைக்கேல் ஜாக்சன்.

இப்போது கிட்டே போய்ப் பார்ப்போம். நான்கு அடித் தாளம், நிமிடத்துக்கு ஏறத்தாழ 110 அடி. மிகத் தடித்த கம்பியை இடக்கை அழுத்தாமல், திறந்தபடியே, முதல் மூன்று அடியிலும் ஒவ்வொரு தட்டு. நமக்குப் பழக்கமான முறையில் அதை ஸ என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஸ, ஸ, ஸ. நான்காம் அடி விழும் இடத்தில் பேஸ் இல்லை. டிரம் மட்டும் வெறுந்தரையில் நடக்கிறது. அடுத்த சுற்றில் அதே ஸ வேகமாகச் சில தடவை, பிறகு சாதாரண காந்தாரம், மத்தியமம் என்று ஒரு சின்ன எட்டிப்பார்ப்பு, மறுபடி ஸ. இவ்வளவுதான் முழு வரியும். ஆனால் அந்த நான்காம் அடியில் கேட்பவரின் உடம்பு தானாக முன்னால் சாய்கிறது. பாட்டைப் போட்டுவிட்டு எதிரே இருப்பவரின் கழுத்தைப் பாருங்கள். நான் என் மைத்துனரின் கழுத்தைப் பார்த்துத்தான் நம்பினேன்; ரொக் இசை என்றால் இரைச்சல் என்பவர் அவர்.

டிரம்முக்கு எதிரொலி எதுவும் வைக்காமல், ஒரே துண்டை ஒலிநாடாவில் வளையமாகச் சுழலவிட்டிருக்கிறார்கள். ரொஜர் டெய்லருக்கு ஆரம்பத்தில் அது பிடிக்கவில்லை. ரிதம் கிட்டாரையும் டீக்கனே வாசித்தார்.

"அது அமெரிக்காவின் சீக் குழுவிடமிருந்து எடுத்ததுதானே? களவு களவுதானே அண்ணா?"

சீக் குழுவின் ‘குட் டைம்ஸ்’ 1979இல் வந்தது. பேஸ் வாசித்தவர் பேர்னார்ட் எட்வர்ட்ஸ். அதிலும் தொடக்கத்தில் மூன்று தட்டு உண்டு. டீக்கன் தங்கள் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்து இருந்தவர் என்று எட்வர்ட்ஸே சொல்லியிருக்கிறார். ஆக, எங்கிருந்து நெருப்பு எடுத்தார் என்பதில் மறைவு ஒன்றும் இல்லை. டீக்கன் சிறுவயது முதலே அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் இசையில் ஊறியவர்.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். எட்வர்ட்ஸின் வரி மூன்று தட்டுக்குப் பிறகு ஆறுபோல் ஓடுகிறது, வளைகிறது, சிரிக்கிறது. டீக்கனுடையது மூன்று தட்டுக்குப் பிறகு நின்று முறைக்கிறது. ஒரே விதைநெல்லை இரண்டு வயலில் போட்ட கதை. கடன் உண்டு; அதைக் களவென்று நான் சொல்ல மாட்டேன். நீங்கள் சொன்னால் கோபிக்கவும் மாட்டேன்.

"‘அண்டர் பிரஷர்’ பாட்டில் பேஸ் வரும் இடத்தை என் மகன் ஒரு நாளில் பழகிவிட்டான். அவ்வளவு இலேசானதை ஏன் புகழ்கிறார்கள்?"

மகனுக்கு வாழ்த்துகள். இரண்டே சுரம், ஏழு தட்டு: ஆறு தரம் ஒரே சுரம், ஏழாவதில் இன்னொன்று. ஒரு நாள்கூட அதிகம். ஆனால் அதைக் கண்டுபிடிக்க ஒரு நாள் போதாது.

1981இல் சுவிட்சர்லாந்தின் மொன்ட்ரோ நகரத்தில் பாடகர் டேவிட் போவியும் குயின் குழுவும் சேர்ந்து செய்த பாட்டு. டீக்கன் அந்த வரியை வாசித்துக்கொண்டிருந்தாராம், எல்லோரும் சாப்பிடப் போனார்களாம், திரும்பி வந்து கம்பியைத் தொட்டால் அவருக்கு வரி மறந்துவிட்டதாம். ரொஜர் டெய்லர்தான் நினைவுபடுத்தினார் என்பது குழுவினர் சொல்லும் கதை. போவிக்கும் அதில் பங்கு உண்டு என்ற பேச்சும் இருக்கிறது. பாட்டின் உரிமை ஐவர் பெயரிலும் பொதுவாகப் பதிவானது. 1990இல் வெனிலா ஐஸ் என்ற ராப் பாடகர் அதே வரியைப் பெயர் குறிப்பிடாமல் எடுத்தாண்டு, பிறகு இணக்கத்துக்கு வந்து உரிமையைப் பகிர வேண்டியதாயிற்று. இரண்டு சுரத்துக்கு இவ்வளவு வழக்கு!

"பாடவே பாடாத ஒருவர் எப்படிப் பாட்டு எழுதினார்?"

உண்மைதான், தான் எழுதிய எந்தப் பாட்டையும் அவர் முன்னின்று பாடவில்லை. பிரெடியின் குரலுக்காகவே எழுதினார். முதல் இரண்டு தொகுப்புகளில் அவர் பெயரில் ஒரு பாட்டும் இல்லை. 1974இல் ‘மிஸ்ஃபயர்’ என்று சின்னதாக ஒன்று. பிறகு தொகுப்புக்கு ஒன்று, இரண்டு. எல்லாம் சேர்த்தாலும் இருபதுக்குக் குறைவுதான். கொஞ்சமாக எழுதியதாலோ என்னவோ, பாதிக்குப் பாதி நிலைத்து நிற்கின்றன.

1975இன் ‘யூ ஆர் மை பெஸ்ட் ஃப்ரெண்ட்’ மனைவிக்காக எழுதியது. அதற்கு எலெக்ட்ரிக் பியானோவின் மணியோசைதான் வேண்டும் என்று நினைத்தார். பிரெடிக்கு அந்த வாத்தியம் பிடிக்காது, மாட்டேன் என்றுவிட்டார். டீக்கன் வாதாடவில்லை. அதை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தானே பழகி, ஒலிப்பதிவில் தானே வாசித்தார். அதற்கு மேலே பேஸையும் போட்டார். இடது காதில் எது, வலது காதில் எது என்று தேடாமல் இரண்டையும் ஒரே மனிதரின் இரண்டு கைகளாகக் கேட்டுப் பாருங்கள். பியானோ பிடித்து நிற்கிற இடத்தில் பேஸ் நடக்கிறது. பிரிட்டனில் ஏழாம் இடம் வரை போன பாட்டு அது.

எனக்கு மிகவும் நெருக்கமானது 1977இன் ‘ஸ்ப்ரெட் யுவர் விங்ஸ்’. மதுக்கடை ஒன்றில் தரை கூட்டும் சாமி என்ற பையனைப் பற்றியது. அந்தப் பெயர் காதில் விழுந்ததும் எங்கள் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அது சாமுவேலின் செல்லப்பெயர் என்று ஒவ்வொரு வருடமும் சொல்ல வேண்டியிருக்கிறது.

"ஆண்கள் பெண் வேடம் போட்டு வீடு கூட்டும் வீடியோ ஒன்று இருக்கிறதே. அதுவும் இவருடைய பாட்டா? வெட்கமாக இல்லையா?"

அவருடையதுதான், ‘ஐ வோண்ட் டு பிரேக் ஃப்ரீ’, 1984. பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடர் ஒன்றைக் கேலி செய்து எடுத்த வீடியோ. டீக்கனுக்கு அதில் பாட்டி வேடம். பிரிட்டன் சிரித்தது, அமெரிக்கா முகம் சுளித்தது.

இந்தக் கேள்வி மட்டக்களப்பில் கேட்கப்படுவதுதான் எனக்கு ஆச்சரியம். வடமோடி, தென்மோடிக் கூத்துகளில் திரௌபதியாகவும் சுபத்திரையாகவும் வேடம் கட்டியவர்கள் யார்? என் பெரியப்பா பெண் வேடம் கட்டிக் களரியில் இறங்கினால் முன்வரிசைக் கிழவிகள் கண்ணீர் விடுவார்கள். விடிந்ததும் அவர் வயலுக்குப் போவார். யாரும் வெட்கப்படவில்லை.

வேடத்தை விட்டுப் பாட்டைக் கேளுங்கள். பெரும்பகுதி மூன்றே சுரக்கூட்டுகளில் நிற்கிறது. நடுவில் வரும் தனி வாசிப்பைப் பலர் பிரையன் மேயின் கிட்டார் என்று நினைக்கிறார்கள். அது பிரெட் மண்டல் என்பவர் வாசித்த சிந்தசைசர்.

"மின்னணுவியல் படித்தவர் என்கிறீர்கள். படிப்பு அவருடைய இசைக்கு என்ன செய்தது?"

குப்பையில் கிடந்த ஒன்றை வாத்தியமாக்கியது. 1972 வாக்கில் தெருவோரக் கழிவுத்தொட்டி ஒன்றில் வயர்கள் தொங்கும் மின்சுற்றுப் பலகை ஒன்றைக் கண்டெடுத்தார் டீக்கன். அதைப் பழைய புத்தக அலுமாரி ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்றுக்குள் பொருத்தி, 9 வோல்ட் பற்றரி கொடுத்து, சின்ன ஆம்பிளிபயர் ஒன்று செய்தார். அதில் திருகுவதற்கு ஒரு குமிழ்கூட இல்லை. பிரையன் மே தன் கிட்டாரை அதில் கொடுத்ததும் வயலின்போல, ஊதுகருவிபோல ஒலி வந்தது. 1975இன் ‘குட் கம்பெனி’ பாட்டில் கேட்கும் பழைய ஜாஸ் வாத்தியக் குழு முழுவதும் உண்மையில் கிட்டாரும் அந்தப் பெட்டியும்தான். டீக்கி ஆம்ப் என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட எங்கள் தலைமுறைக்கு இந்தக் கதையைச் சொன்னால் கண் விரியும்.

இதில் நமக்கு முன்னோடி ஒருவர் இருக்கிறார். காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. அந்தக் கணக்கறிவோடுதான் மறைந்துபோன யாழ்களின் நரம்பு நீளங்களையும் சுர அளவுகளையும் ஆராய்ந்து, 1947இல் ‘யாழ் நூல்’ வெளியிட்டார். இந்தக் கல்லடியில்தான் அவர் அடங்கியிருக்கிறார். நரம்பின் நீளம் பாதியானால் சுரம் ஒரு ஸ்தாயி ஏறும் என்பதை என் பிள்ளைகளுக்குப் பேஸ் கிட்டாரின் பன்னிரண்டாம் கட்டையில் விரல் வைத்துக் காட்டும்போது இரண்டு பேரையும் சேர்த்தே சொல்வேன். ஒருவருக்குக் காவி, மற்றவருக்கு மேடையில் குட்டைக் காற்சட்டை. பிள்ளைகளுக்கு அதுதான் மறக்காது.

"மகன் உயர்தரத்தில் கணிதப் பிரிவு. இதையே பிடித்துக்கொண்டிருந்தால் படிப்பு என்னவாகும்?"

தகப்பன்மார் கேட்பது. டீக்கன் குழுவில் சேர்ந்த பிறகும் படிப்பை விடவில்லை; முதலாம் வகுப்பில் சித்தியடைந்தார். இதைச் சொன்னதும் தகப்பன்மார் முகம் மலரும், மகன்மார் முகம் சுருங்கும். பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது வகுப்புக்கு வர வேண்டாம் என்று நானே அனுப்பிவிடுவேன். கிட்டார் எங்கும் ஓடிவிடாது.

"இளையராஜா பாட்டுகளிலேயே அருமையான பேஸ் இருக்கிறதே. வெள்ளைக்காரனிடம் ஏன் போக வேண்டும்?"

இதைக் கேட்பவர்களை எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் இவர்களுக்குப் பேஸ் கேட்கிறது. எண்பதுகளின் இளையராஜா பாடல்களில் பேஸ் தனிக் கதையே சொல்லும். திருவிழா மேடையில் அவற்றை வாசித்து முடித்தால் எனக்கு மணிக்கட்டு வலிக்கும். டீக்கனுக்காக அவரை விட்டுவிடச் சொன்னால் நான் டீக்கனைத்தான் விடுவேன். இதைச் சுவரில் இருக்கும் படத்துக்குச் சொல்லிவிடாதீர்கள்.

ஆனால் வேலை வேறு. இளையராஜா முழு வீட்டையும் மனத்தில் கட்டிவிட்டு, பேஸுக்கு எந்த அறை என்று எழுதிக் கொடுக்கிறார். வாசிப்பவர் அதை அப்படியே கொண்டுவர வேண்டும். டீக்கனோ மேலே சொன்ன மூன்று தட்டில் பேஸ் வரியையே அத்திவாரமாகப் போட்டு, அதற்கு மேல் மற்றவர்களை வீடு கட்டவிடுகிறார். முதலாமவரிடம் விரல் பழகும். இரண்டாமவரிடம், சொந்தமாக ஒரு பாட்டை எங்கிருந்து தொடங்கலாம் என்பது பழகும். எங்கள் பிள்ளைகளில் இருவர் அப்படி ஒரு பாட்டுக் கட்டியிருக்கிறார்கள். சுமார்தான், ஆனால் அவர்களுடையது.

"விரலால் வாசிப்பதா, பிக் என்ற சின்னத் தகட்டால் வாசிப்பதா? கம்பி துருப்பிடிப்பதற்கு என்ன செய்வது?"

டீக்கன் பெரும்பாலும் விரலால். அவர் அதிகம் வைத்திருந்தது பெண்டர் பிரிசிஷன் வகைப் பேஸ். தொடங்குகிறவருக்கு அந்த விலையெல்லாம் தேவையில்லை. நான் முதலில் வாங்கியது கொழும்பில் ஒரு கடையில்; புதிது என்று தந்தார்கள், வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தால் முறுக்காணி ஒன்று கழன்று விழுந்தது. பழையதென்றாலும் கையில் எடுத்துக் கழுத்து வளைந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கடற்கரை ஊரில் உப்புக்காற்று கம்பியைத் தின்னும். வாசித்து முடிந்ததும் உலர்ந்த துணியால் ஒவ்வொரு கம்பியாகத் துடையுங்கள். ஒலி மங்கிவிட்டால் கழற்றி வெந்நீரில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு நன்றாக உலர்த்திப் பூட்டலாம்; கொஞ்ச நாளைக்கு உயிர் வரும். கச்சான் காற்றுக் காலத்தில் கழுத்து மரம் காய்ந்து ஒரு பக்கம் போகும், மாரியில் ஊறி மறுபக்கம் போகும். வருடத்துக்கு இரண்டு தடவை சரிபார்க்க வேண்டும்.

"அவரிடம் உங்களுக்குப் பிடிக்காதது ஒன்றுமே இல்லையா?"

இருக்கிறது. 1982இன் ‘ஹொட் ஸ்பேஸ்’ தொகுப்பு. மூன்று தட்டின் வெற்றிக்குப் பிறகு நடன இசைப் பக்கம் முழுதாகச் சாய்ந்தார்கள். சில இடங்களில் பேஸ் கிட்டாரை ஒதுக்கிவிட்டுச் சிந்தசைசர் அந்த வேலையைப் பார்க்கிறது. அந்தத் திசையில் குழுவை இழுத்ததில் டீக்கனுக்குப் பெரிய பங்கு உண்டு. தன் நாற்காலியைத் தானே எடுத்து வெளியே வைத்த மாதிரி. அதிலும் அவர் எழுதிய ‘பேக் சட்’ எனக்குப் பிடிக்கும் என்பதால் அதிகம் திட்ட முடியவில்லை.

"அவ்வளவு பெரிய குழுவை விட்டு ஏன் போனார்? சண்டையா?"

சண்டை என்று யாரும் சொல்லவில்லை. பிரெடி 1991 நவம்பர் 24ஆம் திகதி இறந்தார். அடுத்த ஏப்ரலில் வெம்பிளியில் நடந்த அஞ்சலி நிகழ்ச்சியில் டீக்கன் வாசித்தார். 1997 ஜனவரியில் பாரிஸில் எல்டன் ஜோன் பாட, குழுவோடு கடைசியாக மேடை ஏறினார். அதே ஆண்டு பிரெடியின் நினைவாக ஒரு பாட்டு ஒலிப்பதிவானது. அதோடு சரி. 2001இல் ரொக் அண்ட் ரோல் ஹோல் ஒஃப் ஃபேம் கௌரவத்துக்கும் அவர் வரவில்லை. மற்ற இருவரும் பின்னர் வேறு பாடகர்களை வைத்து உலகம் சுற்றினார்கள். இவர் வீட்டில் இருக்கிறார்.

சிலர் இதைப் பெரிய தியாகமாக்கிப் பேசுகிறார்கள். எனக்கு அது அவ்வளவு புதிராகத் தெரியவில்லை. இருபது ஆண்டுகள் ஒரு குரலுக்காகவே எழுதியவர் என்று மேலே சொன்னேன். அந்தக் குரல் இல்லை.

"அந்த மூன்று தட்டையும் தாளம் பிசகாமல் வாசிக்கிறேன். ஆனாலும் ஒலிப்பதிவில் உள்ளதுபோல் வரவில்லையே, ஏன்?"

மூன்றையும் சரியாகத்தான் தட்டுகிறீர்கள். நான்காவதை விட்டுவிடுகிறீர்கள். தட்டாமல் இருந்தால் போதும் என்று நினைக்கிறீர்கள். ஆனால் அது அழுத்தாத, திறந்த கம்பி. நீங்கள் கையை எடுத்தாலும் அது பாட்டுக்கு ஒலித்துக்கொண்டே இருக்கும். மௌனம் இருக்க வேண்டிய இடம் முழுக்க மூன்றாம் தட்டின் வால் நிரம்பிவிடுகிறது.

நான்காம் அடி விழும் அதே கணத்தில் இடக்கை விரல்கள் இரண்டைக் கம்பிமேல் மெல்லப் படுக்கவையுங்கள். அழுத்தினால் வேறு சுரம் வந்துவிடும். ஒரு விரல் மட்டும் தொட்டால் சில இடங்களில் கீச்சென்று மேற்சுரம் கேட்கும். அதனால்தான் இரண்டு. வலக்கைப் பெருவிரலாலும் கம்பியை நிறுத்தலாம், எது கைக்கு வருகிறதோ அது. முதலில் நிமிடத்துக்கு 60 அடியில், பிறகு 80, கடைசியில்தான் 110.

வரும் ஞாயிறு நாலு மணிக்கு வரும்போது, கோயிலில் மேளம் அடிக்கும் அந்தக் கூட்டாளியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். நீங்கள் நிறுத்தும் இடத்தில் அவர் மட்டும் தட்ட வேண்டும். ஆம்பிளிபயர் வேண்டாம், கொம்பில் தாடையை வைத்துக்கொள்ளுங்கள்.